பெயர் கூப்பிடும் நேரம்

போன வாரம் அரசு மருத்துவமனையில் அத்தையின் பெயரைக் கூப்பிட்டார்கள். அத்தைக்கு இப்போது காது சரியாகக் கேட்பதில்லை. எதிரே அழுதுகொண்டிருந்த குழந்தைக்கு முகத்தைக் கோணிக் காட்டிக்கொண்டிருந்தாள். நான்தான் பதில் சொல்ல வேண்டும். எழுந்துவிட்டேன், ஆனால் பழைய பழக்கத்தில் நாக்கு ஒரு நொடி ஒட்டிக்கொண்டது.

பெயரைக் கூப்பிட்டால் வாய் திறக்கக் கூடாது என்று சின்ன வயதிலேயே முடிவு செய்தவள் நான். இலங்கையில் போர் முடிந்து முகாமில் இருந்தபோது ஒருநாள் பெயர்களை வாசித்தார்கள். அப்பாவின் பெயர் வந்தது. "ஓம், இருக்கிறன்" என்று எழுந்து போனவர் திரும்பி வரவில்லை. பிறகு அம்மாவும் நானும் பெங்களூரில் ஜீவனஹள்ளியிலிருந்த மாமா வீட்டுக்கு வந்து சேர்ந்தோம். மாமா கட்டியிருந்தது கோலார் தங்கவயல் சுரங்கத் தொழிலாளியின் மகளை. எங்கள் ஊர் வழக்கப்படி மாமி என்றேன். "மாமின்னா மடிசார் கட்டணும், அத்தைன்னே கூப்புடு" என்று சிரித்தாள்.

பதுங்குகுழியிலும் முகாமிலுமாகப் படிப்பு விட்டுப்போயிருந்தது. இங்கே பள்ளியில் சேர்த்தார்கள். மிஸ் அட்டெண்டன்ஸ் எடுக்கும்போது என் பெயர் வந்தால் தலையைக் குனிந்துகொள்வேன். முன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தும் ஆப்சென்ட். மிஸ் கெட்டவரில்லை, பிடிவாதம் என்று நினைத்துவிட்டார். கடைசியில் தலைமையாசிரியை அத்தையை வரவழைத்து, பிள்ளை இப்படியே இருந்தால் வைத்துக்கொள்ள முடியாது என்று சொல்லிவிட்டார். போன படிப்பு போதாதா என்று அம்மா அழுதாள்.

அம்மாவிடம் காரணம் கேட்டுத் தெரிந்துகொண்ட அத்தை என்னை ஒரு வார்த்தை கடிந்துகொள்ளவில்லை. தங்கவயலில் பூமிக்கடியில் பாறை வெடித்தால் மேலே வீடுகள் ஆடுமாம், பாத்திரங்கள் உருளுமாம். உடனே பெண்கள் வாசலுக்கு வந்து வீடு வீடாகப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்களாம். பதில் வராத வீட்டுக்கு எல்லோரும் ஓடுவார்களாம். "முகாம்ல அவுங்க கூப்ட்டது இட்டுனு போறதுக்குடி. நாங்க கூப்ட்டது தேடறதுக்கு" என்றாள்.

அன்றிலிருந்து விளக்கு வைத்ததும் வாசலில் நின்று வீட்டில் இருப்பவர்களையெல்லாம் பெயர் சொல்லிக் கூப்பிடுவாள். மாமா சலித்துக்கொண்டே "இருக்கேன்" என்பார். அம்மாவும் சொல்வாள். என் முறை வந்தால் சற்றுப் பொறுத்துவிட்டு, "அவளும் இருக்கா" என்று தானே சொல்லி முடித்துவிடுவாள். ஒருநாள்கூட வற்புறுத்தவில்லை.

தீபாவளி சமயம் ஒரு மாலை, அலுவலகங்களைக் கூட்டித் துடைக்கும் வேலைக்குப் போன அத்தை வரத் தாமதமாகிவிட்டது. தெருவெங்கும் வெடிச்சத்தம். நான் கட்டிலுக்கடியில் கிடந்தேன். விளக்கு வைத்தாயிற்று, கூப்பிட ஆளில்லை. அவளையும் கொண்டுபோய்விட்டார்களோ என்ற பயம் வெடிக்குப் பயந்ததைவிடப் பெரிதாகிவிட்டது. வாசலுக்கு ஓடிவந்து "அத்தை!" என்று கத்தினேன். தெருமுனையிலிருந்து, புகைக்குள்ளிருந்து பதில் வந்தது. "இருக்கேண்டி."

பதில் சொன்னவர்கள் வீட்டுக்கு வருவதும் உண்டு என்பதை அன்றுதான் கண்டேன். விடுமுறை முடிந்து பள்ளிக்குப் போனதும் "ப்ரெசென்ட் மிஸ்" என்றேன். இன்று நான் ஒரு பட்டதாரி, வேலைக்குப் போகிறேன். இதெல்லாம் அத்தை எனக்குக் கொடுத்தது. நன்றி என்று சொன்னால் கிண்டல் செய்வாள் என்பதால் நேரில் சொன்னதில்லை.

மருத்துவமனையில் இரண்டாவது முறையாக அவள் பெயரைக் கூப்பிட்டார்கள்.

"இருக்காங்க!"

வரிசையில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அத்தை என் கையைப் பிடித்து எழுந்தாள்.

"ஏன்டி கத்தற? எனக்கே கேட்டுடுச்சு."