பீலியடியில் நிறைந்த குடம்

தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயத்து வீடுகளுக்குப் பின்னால் ஒரு பீலி உண்டு. மேலே காட்டுக்குள் இருக்கும் ஊற்றிலிருந்து குழாய் வழியாக இறங்கி வரும் தண்ணீர். குடிக்க, குளிக்க, சமைக்க எல்லாவற்றுக்கும் அதுதான். அது நின்றால் பள்ளத்து ஆற்றிலிருந்து சுமக்க வேண்டும். சுமப்பது பெண்கள்.

முன்பெல்லாம் மழை நாள்கணக்கில் தூறும். மலை மெதுவாகக் குடிக்கும். இப்போது மாதக்கணக்கில் காய்கிறது. பெய்தால் ஒரே நாளில் கொட்டி மண்ணையும் இழுத்துக்கொண்டு வருகிறது. கடைசியாக அப்படிப் பெய்தபோது சரிந்த மண் ஊற்றை மூடிவிட்டது. அடுத்து வந்த வெயிலில் பீலி நூலாக மெலிந்து, சொட்டி, நின்றே போனது.

மாரியம்மன் திருவிழா நெருங்கியிருந்தது. கரகம் பாலிப்பது, அதாவது குடத்தில் தண்ணீர் நிறைத்துப் பூச்சுற்றுவது, எப்போதும் அந்தப் பீலியடியில்தான். கோயில் கூட்டத்தில் தலைவர் சொன்னார்: "பக்கத்து டிவிசன் ஆத்துல பாலிச்சு, லொறியில கொண்டாந்துருவோம்."

ஆண்கள் தலையாட்டினார்கள். கூட்டம் என்றால் எனக்கு வாய் வராது, நானும் ஆட்டினேன். பின்வரிசையிலிருந்து என் மனைவி எழுந்தாள்.

"சாமிக்கு லொறி புடிக்கிறீங்க தலைவரே. எங்களுக்கு யாரு புடிப்பா?"

"மழைய நானாம்மா நிப்பாட்டி வச்சிருக்கேன்?"

"மழைய விடுங்க. மண்ண அள்ளலாம்ல? பீலியில தண்ணி வராம நாங்க ஒருத்தியும் மாவிளக்கு எடுக்க மாட்டோம்."

"ஆமா, மாட்டோம்!" என்றார்கள் மற்றப் பெண்கள். மாவிளக்கு இல்லாமல் திருவிழாவா? தலைவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை மண்வெட்டியோடு ஊற்றுக்கு ஏறினோம். அவளும் வந்தாள். கல்லையும் சேற்றையும் அள்ளி அள்ளி எங்கள் முதுகு விட்டுப்போனது. அவள் உட்காரவில்லை. பொழுது சாயும் நேரத்தில் குழிக்குள் கைவைத்து, "குளுருதுங்க" என்றாள். அந்த முகத்தை அப்படியே பார்த்துக்கொண்டு நின்றேன்.

கரகத்தன்று பீலியில் பென்சில் கனத்துக்குத் தண்ணீர் வந்தது. அடுத்த வெயிலைத் தாங்குமா, தெரியாது. குடம் நிறைவதற்குள் தப்படிப்பவர்கள் களைத்துப்போய், தேநீர் குடித்துவிட்டு மறுபடி அடித்தார்கள். கரகம் தலைக்கு ஏறியது, ஊர்வலம் நகர்ந்தது. பெண்கள் நகரவில்லை. பீலிக்குக் கீழே தங்கள் குடங்களை வரிசையாக வைத்தார்கள்.

"சாமி போகுது, வாங்கம்மா!" என்று பூசாரி கத்தினார்.

"சாமி ஆடி ஆடித்தானே போகும்?" என்றாள் என் மனைவி. "நாங்க புடிச்சிட்டு வந்து சேந்துருவோம், போங்க."

நான் ஊர்வலத்தோடு போகாமல் வரிசையில் அவளுக்குப் பின்னால் நின்றேன்.