ஏலத்துக்குப் போன பச்சிலை பெஸ்டோ

விளாத்திகுளத்திலிருந்து குளத்தூர் போகும் சாலையில் இருக்கும் அந்தச் சின்ன ஊரில், ஆண்டுதோறும் பிப்ரவரி இரண்டாம் ஞாயிறு ஸ்தோத்திரப் பண்டிகை, விளைச்சலுக்காகக் கர்த்தருக்கு நன்றி சொல்லும் நாள். உளுந்தும் பாசியும் வீடு வந்து, மிளகாய் முதல் பறிப்பு முடிந்திருக்கும் நேரம் அது. சபையார் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு பொருளைக் கோயிலுக்குக் கொண்டு வருவார்கள். விளைந்ததாக இருக்கலாம், வளர்த்ததாக இருக்கலாம், கையால் செய்ததாகவும் இருக்கலாம். ஆராதனை முடிந்ததும் பந்தலில் வைத்து எல்லாவற்றையும் ஏலம் போடுவார்கள். அதற்குப் பிறகு அசனம். சாதி மதம் பார்க்காமல் ஊருக்கே சோறு.

அஞ்சலின் 2017 முதல் 2024 வரை ஏழு பொருள்களைக் கொண்டு போயிருந்தாள். கொரோனாவால் 2021இல் மட்டும் பண்டிகை இல்லை. முதல் ஆண்டு தலையணை உறை இரண்டு. அடுத்து அதிரசம் ஐம்பது. பிறகு சீலா மீன் ஊறுகாய், கம்பு லட்டு, பின்னல் வேலை செய்த மேசை விரிப்பு, பனங்கிழங்கு மாவு, கடைசியாக எலுமிச்சை ஊறுகாய். ஏழையும் ஏலத்தில் எடுத்தவர் ஒரே ஆள்தான். அவளுடைய கணவர் ஜேசுதாசன்.

கோயிலுக்குப் போகும்போது அவள் மடியில் இருந்த பொருள், திரும்பி வரும்போதும் அதே வண்டியில் அதே மடியில் இருக்கும். ஜேசுதாசன் பெருமையாக ஹாரன் அடித்துக்கொண்டே வருவார். அஞ்சலின் மடியைக் குனிந்து பார்த்துக்கொண்டே வருவாள்.

அவளுக்கு ஐம்பத்தொரு வயது. குளத்தூரில் உப்பளத்து வீட்டில் பிறந்து, 1996 மே மாதம் ஜேசுதாசனைக் கட்டிக்கொண்டு இந்த ஊருக்கு வந்தவள். கணவருக்கு மூன்று ஏக்கர் கரிசல், வானம் பார்த்த பூமி. அவளோ பத்தொன்பது ஆண்டுகளாகப் புதியம்புத்தூரில் ஒரு ரெடிமேட் கம்பெனியில் சட்டைக்குக் காலர் தைக்கிறாள். காலை ஏழு பத்துக்குக் கம்பெனி வேன் வரும், மாலை ஏழே காலுக்குக் கொண்டுவந்து விடும். ஒரு நாளைக்கு இருநூற்று நாற்பது காலர். அவள் தைத்த காலரை மாட்டிக்கொண்டு எத்தனையோ ஊரில் எத்தனையோ பேர் நடக்கிறார்கள். ஆனால் அது அஞ்சலின் தைத்தது என்று ஒருவருக்கும் தெரியாது. இன்னார் செய்தது என்று தெரிந்து, வேண்டும் என்று நினைத்து, வேற்று மனுசர் ஒருவர் அவள் கைப்பொருளைக் கேட்டு வாங்க வேண்டும். அவள் ஆசைப்பட்டது அவ்வளவுதான். அதுவும் ஏழு முறை நடக்கவில்லை.

2025 ஜனவரி 18, சனிக்கிழமை, சென்னையில் நர்ஸாக இருக்கும் மகள் வினோலியா போனில் ஒரு வீடியோ அனுப்பினாள். யாரோ ஒரு பெண் பச்சையாக எதையோ அரைத்து, வேகவைத்த மக்ரோனியில் பிசைந்துகொண்டிருந்தாள். பின்னாலேயே மகள் கூப்பிட்டாள்.

"யம்மா, அது பேரு பெஸ்டோ. இங்கன ஒரு கடையில தின்னேன். அது என்ன தழைன்னு தெரியுதா? நம்ம சுடலைச்செல்வி சித்தி வீட்டு வேலியில நிக்குதுல்லா, திருநீத்துப்பச்சிலை, அதேதான்!"

சுடலைச்செல்வி பக்கத்து வீட்டுக்காரி. பூக்கட்டி விளாத்திகுளம் பஸ் ஸ்டாண்டில் விற்பவள். மாலைக்கு இடையிடையே வைத்துக் கட்டத்தான் வேலியோரம் அந்தப் பச்சிலையை வளர்த்திருந்தாள். மழை பெய்த ஆண்டு என்பதால் செடி இடுப்புயரம் நின்றது. பக்கத்தில் போனாலே வாசம் தூக்கியது.

அஞ்சலினுக்கு ஏலத்தின் நினைப்புதான் வந்தது. இந்த ஊரில் ஒருவரும் கண்டிராத பொருள்!

ஜனவரி 26 ஞாயிறு, கோயில் விட்டு வந்ததும் வேலையைத் தொடங்கினாள். காம்பு நீக்கிய இலை நூறு கிராம். வறுத்துத் தோல் நீக்கிய நிலக்கடலை நாற்பது கிராம். வீடியோவில் போட்ட பருப்புக்கு அவள் எங்கே போவாள்? நாட்டுப்பூண்டு மூன்று பல், உப்பு, நல்லெண்ணெய். சீஸ் சேர்க்கச் சொல்லியிருந்தது. அதை விட்டுவிட்டு அரை மூடி எலுமிச்சையும் ஒரு பச்சை மிளகாயும் சேர்த்தாள். மிளகாய்க்காட்டுக்காரி மிளகாய் இல்லாமல் எதையும் அரைத்ததில்லை. அரைத்து முடித்ததும் நாற்று வயல் மாதிரிப் பச்சை. அவளுக்கே சிரிப்பு வந்தது.

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் இருபத்தெட்டு வருசமாகச் சட்னி வைத்த கை சும்மா இருக்குமா? தானாகவே போய்த் தாளிப்புக் கரண்டியை எடுத்தது. கடுகு வெடித்தது, உளுந்து சிவந்தது, கறிவேப்பிலை பொரிந்தது. அத்தனையையும் கொதிக்கக் கொதிக்கப் பச்சையின் தலையில் கொட்டிக் கிளறினாள். ஒரு நிமிடம் ஆகவில்லை, கிண்ணத்தில் இருந்தது கறுத்துப்போனது.

ஜேசுதாசன் எட்டிப் பார்த்தார். "ஏட்டி, டிராக்டருக்கு ஆயில் மாத்துனியா?"

மகளுக்குப் போன் போட்டாள். மறுமுனையில் வினோலியா அலறினாள்.

"யம்மா! தாளிச்சியா? அதைப் போயி யாராவது தாளிப்பாங்களா? சூடு பட்டா கறுத்துரும்மா!"

"தாளிக்காம எப்படிட்டி வைக்க? சட்டையில்லாம சந்தைக்குப் போன மாதிரில்லா இருக்கும்!"

"அது அப்படித்தான் போகும். விடு. நல்லெண்ணெயும் வேண்டாம், பச்சிலை வாசத்தை அமுக்கிரும். மிக்சி ஜாரையும் சூடாக விடாத."

அடுத்த ஞாயிறு, பிப்ரவரி 2. மிக்சி ஜாரை அரைமணி நேரம் பிரிட்ஜில் வைத்து எடுத்தாள். நல்லெண்ணெய்க்குப் பதில் செக்கில் ஆட்டிய கடலெண்ணெய். விட்டு விட்டு, பத்துப் பத்து விநாடியாக, ஆறு சுற்று மட்டும். தாளிப்புக் கரண்டியை முன்கூட்டியே பரண்மேல் போட்டுவிட்டாள், கைக்கு எட்டக்கூடாதென்று. இந்தமுறை பச்சை பச்சையாகவே நின்றது. சுடச்சுடக் கம்புத் தோசை வார்த்து, அதன்மேல் ஒரு கரண்டி தடவிச் சுடலைச்செல்வியைக் கூப்பிட்டுக் கொடுத்தாள்.

சுடலைச்செல்வி ஒரு வாய் மென்றுவிட்டு நின்றாள். கண்ணை மூடினாள். பிறகு திறந்தாள்.

"யக்கா, இது நான் மாலைக்குக் கட்டுத தழைதான?"

"அதான்."

"சாமி தோள்ல கெடந்ததை நாக்குல கொண்டாந்து வச்சிட்டியளே! நான் இத்தன வருசமா மோந்து மட்டும் பாத்துக்கிட்டு இருந்திருக்கேன், கூறுகெட்டவ. இன்னொரு தோசை போடுங்க."

அன்று மத்தியானம் ஜேசுதாசன் வெறும் சுடுசோற்றில் அதைப் பிசைந்து மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டார். குழம்புச் சட்டியைத் திறக்கவே இல்லை. கிண்ணத்தை விரலால் வழித்துக்கொண்டிருந்தபோது அஞ்சலின் சொன்னாள்.

"என்னங்க, இதைத்தான் பண்டிகைக்குக் கொண்டு போவேன். ஆனா இந்தத் தடவ நீங்க கையத் தூக்கக்கூடாது."

அவர் விரல் கிண்ணத்திலேயே நின்றது. "வேற யாரும் கேக்கலைன்னா?"

"கேக்காம கிடக்கட்டும்."

"ஏட்டி, சபைக்கு முன்னால உன் பொருள் நாதியத்து நிக்கும். அதைப் பாத்துக்கிட்டு நான் உக்காந்திருக்கணுமா? அதுக்குத்தான வருசா வருசம் முதல்லயே கையத் தூக்குதேன்."

"ஏழு வருசம் நீங்க எடுத்திய. அது வீட்டுல இருந்து கோயிலுக்குப் போயி, கோயில்ல இருந்து வீட்டுக்கு வந்த பொருளுங்க. ஒரு தடவயாச்சும் எனக்குத் தெரியணும். யாராவது கேப்பாங்களா, மாட்டாங்களான்னு."

 ஜேசுதாசன் கிண்ணத்தைக் கீழே வைத்தார். "சரி" என்றார்.

பிப்ரவரி 8, சனிக்கிழமை இரவுச் சாப்பாட்டுக்கு முன்பே மூன்றாவது முறை அரைத்து முடித்தாள். காப்பித்தூள் வந்த கண்ணாடி பாட்டிலைக் கழுவி நன்றாகக் காயவைத்து, அதில் நிரப்பி, மேலே அரை விரல் உயரத்துக்குக் கடலெண்ணெய் ஊற்றிக் காற்றுப் படாமல் மூடினாள். சரியாக முந்நூற்றுப் பத்து கிராம். பிரிட்ஜில் வைத்தவள், அன்று இரவுக்குள் நான்கு தடவை திறந்து பார்த்தாள்.

மறுநாள் ஏலம் பதினொன்று இருபதுக்குத் தொடங்கியது. மைக் பிடித்தவன் பிரின்ஸ்டன், சபையின் வாலிபர் சங்கச் செயலாளர், வாய் ஓயாதவன். பூசணி போனது, வெடைக்கோழி போனது, அரை மூட்டை உளுந்து போனது. ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஜெயகுமாரி செய்த பிளம் கேக்குக்கு வழக்கம்போல அடிதடி; பதினோரு பேர் மாறி மாறிக் கேட்டார்கள். அஞ்சலின் பெண்கள் பக்கம் நாலாவது வரிசையில், முந்தானை நுனியை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள். நாற்பத்து மூன்றாவதாக அவளுடைய பாட்டில் மேசைக்கு வந்தது.

"அடுத்து, நம்ம அஞ்சலின் அக்கா கொண்டாந்தது. பேரு என்ன எழுதியிருக்கு… பெஸ்டோ!"

"ஏலே, பூச்சி மருந்தா?" என்று முன்வரிசையிலிருந்து ஒருவர் கேட்டார்.

"அண்ணாச்சி, இது மனுசன் சாப்பிடுதது. அம்பது ரூவாயில ஆரம்பிப்போம். அம்பது… யாரு அம்பது?"

சொல்லிவிட்டுப் பிரின்ஸ்டன் பழக்கப்படி ஜேசுதாசனைப் பார்த்தான். பந்தலே அவரைப் பார்த்தது. ஜேசுதாசன் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அழுத்தி உட்கார்ந்திருந்தார். அவருடைய காது மடல்கள் சிவந்திருந்தன.

"மாமா…?" என்றான் பிரின்ஸ்டன்.

"என்னைய ஏம்லே பாக்குத? இந்தப் பந்தல்ல நான் ஒருத்தன்தான் இருக்கனா?"

ஒரு கையும் எழவில்லை. பின்னால் யாரோ கிசுகிசுத்தார்கள்: "புருசன் பொஞ்சாதிக்குள்ள சண்டை போலுக்கே." அஞ்சலின் முந்தானையை இன்னும் இறுக்கிச் சுற்றினாள். அவரிடம் அப்படிச் சொல்லியிருக்கவே கூடாதோ? எப்போதும்போலக் கையைத் தூக்க விட்டிருக்கலாமோ? மேசைமேல் அந்தப் பச்சைப் பாட்டில் தனியாக நின்றது.

அப்போது ஜெயகுமாரி டீச்சர் எழுந்து நின்றார்.

"ஜேசுதாசன், நெசமாவே நீங்க கேக்கலியா?"

"கேக்கல டீச்சர்."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. பின்னால வந்து வருத்தப்படக்கூடாது."

"கேக்கலைன்னு சொல்லுதேன்லா!"

"அப்ப நூறு!" என்றார் டீச்சர். சொன்ன வேகத்தில் கண்ணாடி மூக்கிலிருந்து இறங்கியது. "எத்தனை வருசமா காத்துக்கிட்டு இருக்கேன்! அந்தச் சீலா மீன் ஊறுகாய்க்கு என் கை பாதி மேல வந்திட்டு. அதுக்குள்ள இவிய முந்திட்டாவ. வீட்டுக்காரரே ஆசையாக் கேக்கும்போது நாம குறுக்க விழுதது மரியாதையாங்க?"

"எனக்கு அந்த அதிரசம், டீச்சர்" என்றது ஆண்கள் பக்கத்துக் குரல் ஒன்று.

"நான் அந்த மேசை விரிப்பை வீட்டுல அளவெல்லாம் எடுத்து வச்சிருந்தேன்" என்றாள் இன்னொருத்தி. "இவருதான் தூக்குன கைய இறக்கலியே."

அஞ்சலின் வாயைப் பொத்திக்கொண்டாள். ஏழு வருசமாக யாரும் கேட்காமல் போனது பொருளின் குற்றமில்லை. ஜேசுதாசனின் வேகமும் ஊராரின் மரியாதையும் சேர்ந்து செய்த வேலை! அவர் அவளைக் காப்பாற்றுவதாக நினைத்துக் கையைத் தூக்க, அவர் ஆசையைக் கெடுக்கக்கூடாதென்று ஊர் கையை இறக்கியிருக்கிறது. சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

"நூறு ஒரு தரம்…"

"நூத்தம்பது!" அசனத்துக்கு வந்து பந்தல் ஓரத்தில் நின்றிருந்த சுடலைச்செல்வி கத்தினாள். "தழை எங்க வீட்டு வேலியில நின்னது. எனக்கில்லாத பாத்தியதையா?"

"இருநூறு" என்றார் டீச்சர்.

"இருநூத்தம்பது!"

"முந்நூறு!" என்றது மூன்றாவது குரல் ஒன்று.

பந்தல் மொத்தமும் திரும்பியது. ஜேசுதாசன் எழுந்து நின்று வலது கையைத் தூக்கியிருந்தார். அது எப்போது தொடைக்கு அடியிலிருந்து வெளியே வந்தது என்று அவருக்கே தெரியாது.

"என்னங்க!" என்றாள் அஞ்சலின் பல்லைக் கடித்து.

"இல்லட்டி, இது உனக்காக இல்ல. நெசமாவே எனக்கு வேணும். அவிய எடுத்துட்டுப் போயிட்டா நான் எதை வச்சுச் சோறு திங்க?"

சிரிப்பில் பந்தல் துணி ஆடியது. பிரின்ஸ்டனால் மைக்கைப் பிடிக்க முடியவில்லை. முந்நூற்றைம்பது, நானூறு என்று ஏறி, டீச்சர் "ஐநூறு!" என்று போட்ட போட்டில் சுடலைச்செல்வி கும்பிடு போட்டு ஒதுங்கினாள். ஜேசுதாசன் சட்டைப்பையைத் தடவிப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார். ஒரு தரம், இரண்டு தரம், மூன்று தரம். டீச்சர் விறுவிறுவென்று போய்ப் பாட்டிலை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டார், யாரும் பிடுங்கிவிடக்கூடாது என்பது போல.

அசனப் பந்தியில் சோறு முதலில் வந்துவிட்டது; கறிக்குழம்பு வாளி இரண்டு வரிசைக்கு அப்பால் நின்றது. டீச்சருக்குப் பொறுமை இல்லை. அங்கேயே மூடியைத் திறந்து சுடுசோற்றில் ஒரு கரண்டி போட்டார். பிசைந்து வாயில் வைத்ததும் பக்கத்து இலைக்காரி கையை நீட்டினாள். அவளுக்குப் பக்கத்தில் இருந்தவளும் நீட்டினாள். பாட்டில் அந்த வரிசை முழுக்க நடந்து, எதிர் வரிசைக்கும் தாவி, சுடலைச்செல்வியின் இலையில் வழித்துக் காலியானது. குழம்பு வாளி வந்தபோது பாதி இலைகளில் சோறே இல்லை.

பரிமாறிக்கொண்டிருந்த அஞ்சலினைப் பிடித்து நிறுத்திப் பதினாறு பேர் செய்முறை கேட்டார்கள். பதினாறு பேரிடமும் அவள் ஒரே விஷயத்தைத்தான் முதலில் சொன்னாள்: "தாளிச்சிராதீங்க."

பிற்பகல் மூன்று மணிக்கு வீட்டுக்குக் கிளம்பினார்கள். வண்டியில் அவள் மடி காலியாக இருந்தது. கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் அவர் தோளைப் பிடித்துக்கொண்டாள். இந்தமுறை ஹாரன் இல்லை. மிளகாய்க் காடு முடிந்து வீட்டுக்குத் திரும்பும் வளைவு வந்ததும் ஜேசுதாசன் வண்டியின் வேகத்தைக் குறைத்தார்.

"ஏட்டி."

"என்ன?"

"வேலியில தழை மிச்சம் நிக்குதா?"

"நிக்குது."

"நைட்டுக்குக் கொஞ்சம் அரைப்பியா?"

அஞ்சலின் அவர் முதுகுக்குப் பின்னால் வாய்விட்டுச் சிரித்தாள்.

"ஐநூத்துக்கு மேல கேளுங்க, பாப்போம்."