எல்லா வரைபுக்கும் ஒரே சட்டை

நான் வேலை செய்யும் அலுவலகத்தின் பெயர் வேண்டாம். மழை, வாவியின் நீர்மட்டம், இறால் பிடிபாடு என்று எதையெல்லாம் அளக்க முடியுமோ அதையெல்லாம் அளந்து, கணினியில் வரைபாக்கி, கூட்டங்களில் திரையில் காட்டுவது எங்கள் தொழில். கீறுவது நான். பார்ப்பது மற்றவர்கள். உண்மையிலேயே பார்த்தார்களா என்பது வேறு கதை.

புள்ளிவிபர மென்பொருள் தானாகக் கீறித் தரும் வரைபுக்குச் சாம்பல் பின்னணி, அதன்மேல் வெள்ளைக் கட்டங்கள். எங்கள் பணிப்பாளருக்கு அது பிடிக்கவில்லை.

"என்ன மிஸ், செத்தவீட்டு நோட்டீஸ் மாதிரிக் கிடக்கு. நம்மட அலுவலகத்துக்கெண்டு ஒரு தோற்றம் வேணாமா?" என்றார்.

அன்றைக்கே அதற்கொரு குழு போட்டார். நாய்க்கு வேலையுமில்லை, நிற்க நேரமுமில்லை என்பார்களே, அதுதான் அந்தக் குழு.

முதலில் நிறம். பச்சை போட்டேன், அது ஒரு கட்சியின் நிறமாம். நீலம் இன்னொரு கட்சி. சிவப்பையும் மஞ்சளையும் சேர்த்துப் போட்டபோது, பழைய இயக்கக் கொடி ஞாபகம் வந்து ஒருவர் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். ஊதா தவக்கால நிறம் என்று கணக்காளர் ஆட்சேபித்தார். மூன்று கூட்டம் முடிந்து, எவருக்கும் சொந்தமில்லாத, பால் விடாத பிளேன்டீயின் நிறம் ஏகமனதாக நிறைவேறியது. அலுவலகச் சின்னத்தை எந்த மூலையில் வைப்பது என்பதற்கு இன்னும் இரண்டு கூட்டம்.

கடைசியாகப் பணிப்பாளர், "ஒவ்வொரு வரைபிலயும் இடப்பக்கத்து அளவுக்கோட்டில இலக்கம் மாறி மாறி வருது. அதையும் ஒண்டாக்குங்க" என்றார். தரவுக்கு ஏற்றபடி அளவைத் தேர்ந்துகொள்ளத்தான் மென்பொருளுக்குப் புத்தி கொடுத்திருக்கிறார்கள். நான் அந்தப் புத்தியை அணைத்தேன். மழை வரைபுக்குப் பொருந்திய அளவை எல்லாவற்றுக்கும் நிரந்தரமாக்கி, மென்பொருளைத் திறக்கும்போதே ஓடும் கோப்பில் நாலு வரி எழுதினேன். அதன் பிறகு எதைக் கீறினாலும் அதே சட்டை. எனக்குத் தலைகால் புரியாத பெருமை.

மாரி பிடித்தது. வாவியில் தண்ணீர் ஏறினால் கடலை மறித்துக் கிடக்கும் மணல்திட்டை வெட்டி முகத்துவாரத்தைத் திறந்துவிடுவது எங்கள் பக்கத்து வழக்கம். எப்போது வெட்டுவது என்பதில் வருடா வருடம் சண்டை. முந்தி வெட்டினால் இறால் கடலோடு போய்விடும் என்பார்கள் மீனவர்கள். பிந்தினால் நெல் அழுகும் என்பார்கள் விவசாயிகள். இரண்டும் உண்மை.

கூட்டம் கூடியது. வாவிக்கரை வயல்கள் சேர்ந்த ஒரு வட்டைக்குப் பொறுப்பான வட்டை விதானையார் எழுந்தார்.

"இண்டைக்கே வெட்டுங்க. தண்ணி வரம்பத் தொட்டுட்டு. ரெண்டு நாளைக்குத் தாங்காது."

பணிப்பாளர் திரையில் இருந்த வாவி நீர்மட்ட வரைபைக் காட்டினார். மழையை நாங்கள் மில்லிமீற்றரில் அளப்போம், நூற்றுக்கணக்கில் ஏறும். வாவியை அளப்பது சென்ரிமீற்றரில்; ஒரு சாண், இருபது சென்ரிமீற்றர், ஏறினாலே வயலுக்குள் வந்துவிடும். மழைக்குத் தைத்த சட்டைக்குள் அந்த ஒரு சாண் இருந்த இடமே தெரியவில்லை. கோடு தரையோடு தரையாகப் படுத்திருந்தது.

"பாருங்க, அசையவே இல்ல. ஒரு கிழமை பொறுப்பம்" என்றார் பணிப்பாளர்.

வரைபின் எழுத்து நல்ல வடிவு என்று யாரோ பாராட்டினார்கள். நான் புன்னகைத்தேன். கோட்டை நான் பார்க்கவில்லை, அதன் நிறத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

விதானையார் கண்ணைச் சுருக்கித் திரையை நெடுநேரம் பார்த்தார். "மிஸ் படிச்ச ஆள். அவ கீறினது பிழையா இருக்காது" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

மூன்றாம் நாள் வட்டை முழுக்கத் தண்ணீர். கதிர் தள்ள இருந்த நெல் அடியில் கிடந்தது.

அன்றுதான் அந்தக் கோப்பை அழித்துவிட்டு, அதே தரவை மறுபடி கீறினேன். சாம்பல் பின்னணியில் கோடு செங்குத்தாக எழுந்தது. அதை அச்செடுத்தேன். கொண்டுபோய்ப் பணிப்பாளரிடம் காட்டினேன்.

"இது நம்மட நிறத்தில இல்லையே, மிஸ்" என்றார்.

ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு நேரே வட்டைக்குப் போனேன். விதானையாரைச் சுற்றி வயல்காரர்கள் நின்றார்கள். கூட்டத்துக்குப் போய் வாயை மூடிக்கொண்டு வந்த மனுசன் என்று ஏசிக்கொண்டிருந்தார்கள். கோடு பிழை, அந்தப் பிழை என்னுடையது, விதானையார் சொன்னதுதான் சரி என்று எல்லோர் முன்னாலும் சொன்னேன். ஏச்சு நின்றது. ஒருவர் என்னைப் பார்த்துக் காறித் துப்பிவிட்டு நடந்தார். வெட்கத்தில் உடம்பு கூசினாலும், விதானையாரின் பெயரையாவது காப்பாற்றிவிட்டேன் என்று ஒரு சின்ன ஆறுதல்.

விதானையார் என்னை ஏசவில்லை. ஏசியிருக்கலாம்.

"அண்டைக்குக் காலையில முழங்கால் தண்ணிக்குள்ள நிண்டுட்டுத்தான், மகள், நான் அந்தக் கூட்டத்துக்கு வந்தன்" என்றார். "உங்கட கோட்டப் பார்த்துட்டு, தண்ணி ஏறல்ல போல எண்டு நானும் நம்பிட்டன்."