கணக்குக்குப் பதில் டிராயிங்

முதல் செமஸ்டரில் எனக்குக் கணக்கில் அரியர் விழுந்தது. அன்னூரில் தமிழ்வழியில் படித்துவிட்டுப் கோவை பீளமேட்டில் பொறியியல் சேர்ந்தவள் நான். கரும்பலகையில் இருப்பதை அப்படியே எழுதிக்கொள்வேன். ஆங்கிலத்தில் ஓடும் விளக்கம் பிடிபடாது.

அம்மா வீட்டில் இட்லி மாவு அரைத்து விற்கிறார். மாவு புளிக்கிறது என்று யாராவது சொன்னால் வருத்தப்பட்டு உட்கார மாட்டார். எப்போது வாங்கினீர்கள், எங்கே வைத்தீர்கள் என்று விசாரித்து, அரைக்கும் நேரத்தை மாற்றிப் பார்ப்பார். என் படிப்பையும் அப்படி ஒரு தொழிலாக நினைத்துக்கொண்டால் என்ன என்று தோன்றியது.

முதலில் பேருந்தில் போகும்போது படித்தேன். இரண்டே நாளில் தலைசுற்றி வாந்தி வந்தது. அதை விட்டுவிட்டேன்.

எங்கள் வகுப்பில் சத்தியமங்கலத்துப் பெண் ஒருத்தி இருந்தாள். விடுதியில் தங்கியிருந்தாள். கணக்கில் புலி, ஆனால் டிராயிங் வகுப்பில் அவள் தாள் அழித்து அழித்தே கிழிந்துவிடும். எனக்கு டிராயிங் நன்றாக வரும். ஒரு நாள் கேண்டீனில் தயங்கித் தயங்கிப் போய் அவளெதிரே உட்கார்ந்தேன்.

"ஏனுங்க, எனக்குக் கணக்கு சொல்லித் தர்றீங்களா? நான் உங்களுக்கு டிராயிங் சொல்லித் தர்றனுங்க."

அவள் டீயைக் கீழே வைத்தாள். "நானே உங்ககிட்டக் கேக்கலாம்னு இருந்தனுங்க. எப்படிக் கேக்கறதுன்னு தெரியாம உட்டுப்போட்டேன்."

மறுநாளிலிருந்து காலை எட்டு மணிக்குக் கேண்டீனில் சந்தித்தோம். அவள் தமிழில் சொன்னபோது வகையீடும் தொகையீடும் மெல்லப் புரிந்தன. ஆனாலும் கல்லூரியே நடத்தும் அடுத்த கணக்கு உள்தேர்வில் எனக்குப் பாதி மதிப்பெண்கூட வரவில்லை. அழுகை வந்தது. அவள் என் விடைத்தாளை வாங்கிப் புரட்டினாள்.

"போட்டதெல்லாம் சரியாத்தானுங்க இருக்குது. நாலு கேள்வி தொடவே இல்லை. உங்களுக்கு வேகந்தான் பத்தலை."

அதன்பின் செல்போனில் நேரம் வைத்துக்கொண்டு கணக்குப் போட்டேன். எங்களைப் பார்த்து இன்னும் நான்கு பேர் வந்து சேர்ந்தார்கள். கேண்டீன் மேசை போதாமல், காலையில் காலியாகக் கிடந்த வகுப்பறையைத் துறைத்தலைவரிடம் கேட்டோம். உடனே தந்துவிட்டார். கேட்க அத்தனை பயந்திருக்க வேண்டியதில்லை.

அரியர் தேர்வில் தேறினேன். அவளும் டிராயிங்கில் தேறினாள். முடிவு வந்தது விடுமுறையில். அவளுக்குத்தான் முதலில் போன் செய்தேன். அவள் அம்மா எடுத்து, "ஆத்துக்குக் குளிக்கப் போயிருக்கா, அம்மணி. வந்ததும் பேசச் சொல்றேன்," என்றார்.