அப்பாவின் கைக்குப் பேண்டேஜ்

டவுன் சிண்ட்ரோம் உள்ள என் மகள் ஜெனியின் வகுப்பில், பட்டாளத்தார் ஜனங்களைச் சுட்டுக் கொன்ற பாடம் நடத்தினார்கள். அன்று அவள் சாப்பிடவில்லை.

"அது பழைய கதைட்டி, ஒண்ணுமில்ல" என்று முடித்துவிட்டேன்.

மறுநாள் ராணுவத்திலிருந்து லீவில் வந்த என் கணவர், இராஜபாளையம் ஸ்டேஷனிலிருந்து பட்டாள உடுப்போடு வீட்டுக்கு வந்தார். ஜெனி கட்டிலுக்கடியில் புகுந்துகொண்டாள், பாவாடை நனைந்துவிட்டது. பெற்ற அப்பனிடமே இனி வரமாட்டாளோ என்று எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

அவர் சட்டையைக் கழற்றிவிட்டுத் தரையில் படுத்தார். "அப்பாதாம்மா."

"சுடுவியா?"

"உன்னையச் சுடமாட்டேன்."

"மத்தவங்கள?"

கல்யாணமான நாளிலிருந்து நான் கேட்கப் பயந்த கேள்வி அது. ஜெனி மெல்ல வெளியே வந்தாள்.

நான் வேலைபார்க்கும் பேண்டேஜ் கம்பெனியிலிருந்து கொண்டுவந்திருந்த துணியை எடுத்து, அவர் வலதுகையை விரல் தெரியாமல் சுற்றினாள் ஜெனி. அதன்பிறகுதான் அவர் மடியில் உட்கார்ந்தாள். அவர் கட்டை அவிழ்க்கவில்லை. மத்தியானச் சோறு அவருக்கு நான்தான் ஊட்டினேன்.

இப்போதெல்லாம் 'ஒண்ணுமில்ல' என்று முடிக்காமல், என்ன பயம் என்று ஜெனியிடம் கேட்கிறேன். அந்தக் கேள்வியை அவரிடம் இன்னும் கேட்கவில்லை.