நான் வாசித்துச் சொன்ன டீவி கேம்

"இவ நெசமாவே வாசிக்கிறாளா, இல்ல வாய்க்கு வந்தத சொல்றாளா?" என்று அம்மா ஒருநாள் அண்ணனிடம் கேட்டார்.

அண்ணன் டீவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "ஏழாம் வகுப்பு படிக்கிற புள்ளம்மா. ஒங்களுக்கு என்னா தெரியும்?"

அம்மாவின் சந்தேகம் சரியானது. திரையில் ஓடியது ஜப்பான் எழுத்து. அதில் ஒன்றுகூட எனக்குத் தெரியாது.

கண்டியில் மாநகரசபைத் தொழிலாளர் குடியிருப்பில் ஓர் அறையும் சமைக்க ஒரு குசினியும்தான் எங்கள் வீடு. அப்பா தெருக் கூட்டினார். அண்ணன் சிறு வயதிலேயே பிலிமத்தலாவையில் ஒரு இரும்புக் கடைக்கு வேலைக்குப் போய்விட்டார். எங்கள் குடும்பத்தில் எழுதப் படிக்கக் கற்ற முதல் ஆள் நான். பாடசாலைப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அந்த வரிசை வீடுகளைத் தாண்டும்போது எனக்குத் தலை கொஞ்சம் நிமிர்ந்துதான் இருக்கும்.

முதலாளி வீட்டில் ஒதுக்கிப் போட்ட டீவி கேமை அண்ணன் கேட்டு வாங்கி வந்தார். அதனுடன் ஒரே ஒரு கசெட். சிவப்புச் சட்டை போட்ட ஓர் உருவம் பாறைக்குப் பாறை தாவிக்கொண்டே போக வேண்டும். மோசமான விளையாட்டு. பொத்தானை அமுக்கினால் அது கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் குதிக்கும். பாட்டு பாதியில் விக்கி மறுபடி முதலிலிருந்து தொடங்கும். நான்காம் கட்டத்தில் ஒரு பள்ளம். அதன் ஓரத்தில் நிற்கும்போது ஒரு வரி எழுத்து வரும்.

"என்னா போட்டிருக்கு, தங்கச்சி?"

தெரியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "நிக்காதீங்க, ஒடனே பாய்ங்கன்னு போட்டிருக்குண்ணே."

அண்ணன் பாய்ந்தார், விழுந்தார். மாதக்கணக்கில் அதே பள்ளத்தில் விழுந்துகொண்டிருந்தார். ஒருநாளும் என்னைக் குறை சொன்னதில்லை. "எனக்குத்தான் கை வேகம் பத்தல" என்பார்.

அந்த வருடம் கொழும்பில் குண்டு வெடித்தால் கண்டியில் தமிழரின் அடையாள அட்டையைக் கேட்பார்கள். ஒருநாள் அண்ணன் பெயருக்குப் பொலிசிலிருந்து ஒரு கடிதம் வந்தது. முழுவதும் சிங்களம். பாடசாலையில் சிங்கள எழுத்தைப் படித்திருந்தேன். மொழி அவ்வளவாக வராது. அண்ணனோ கடையில் நாள் முழுக்கச் சிங்களம் பேசுபவர். ஓர் எழுத்தும் தெரியாது.

"முதலாளிகிட்ட காட்டலாமா?" என்றார் அப்பா.

"வீட்லயே படிச்ச ஆள் இருக்கப்போ எதுக்கு?" என்று அண்ணன் கடிதத்தை என்னிடம் நீட்டினார்.

திகதி விளங்கியது. அடையாள அட்டை என்ற சொல் விளங்கியது. மற்றதை நானே நிரப்பினேன். "ஆறாம் தேதில இருந்து வெளிய போறப்போ ஐ.சி.ய கையிலயே வச்சிருக்கணுமாம்."

அண்ணன் அட்டையை ஒரு பொலித்தீன் உறையில் போட்டுச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அம்மாவுக்கும் திருப்தி. ஆறாம் திகதி அவர் வழக்கம்போல் வேலைக்குப் போனார். எட்டாம் திகதி கடைக்குப் பொலிஸ் ஜீப் வந்து அவரை ஏற்றிப் போனது.

பதினொரு நாள் கழித்து விட்டார்கள். மெலிந்து வந்தார். வலது கையைத் தோளுக்கு மேலே தூக்கவில்லை. என்ன நடந்தது என்று யாரும் கேட்கவில்லை. கடையில் அவர் இடத்தில் வேறு ஆளைப் போட்டிருந்தார்கள்.

"கடுதாசில ஒன்னு போடுவானுங்க, செய்றது வேற" என்று அப்பா பக்கத்து வீட்டாரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். நான் உள்ளே இருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். கடிதத்தை எடுத்து என் பாடசாலைச் சான்றிதழ்களோடு வைத்துவிட்டேன். எறியவும் முடியவில்லை, நானாக நிரப்பியதைச் சொல்லவும் முடியவில்லை. அதன்பின் பரீட்சைகளில் நான் எடுத்த ஒவ்வொரு சித்திக்கும் அண்ணன்தான் ஊரெல்லாம் இனிப்புக் கொடுத்தார்.

இப்போது நான் கண்டியில் ஓர் அலுவலகத்தில் எழுதுவினைஞர். மூன்று மொழிக் கடிதங்களும் என் மேசைக்குத்தான் வருகின்றன. சென்ற மாதம் கூட வேலை செய்பவர் ஒருவர் பழைய விளையாட்டுகளைத் தன் கணினியில் ஏற்றியிருந்தார். பட்டியலைத் தள்ளிக்கொண்டே போனபோது சிவப்புச் சட்டை வந்தது. இது ஆங்கிலத்தில் மாற்றிய பிரதி. சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்து விளையாடினேன். உருவம் அதே மாதிரி யோசித்துத்தான் குதித்தது. பாட்டு அதே இடத்தில் விக்கியது. சிரிப்பு வந்தது. நான்காம் கட்டத்துக்கு வந்தேன். பள்ளத்தின் ஓரத்தில் எழுத்து வந்தது: இங்கேயே நில், பலகை வரும்.

நின்றேன். வெகுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு இடப்பக்கத்திலிருந்து ஒரு பலகை மெதுவாக நகர்ந்து வந்து காலடியில் நின்றது.

அதற்கு மேல் விளையாடவில்லை. அன்று மாலை வீட்டில் சான்றிதழ் உறையைப் பிரித்து, இத்தனை வருடம் திறந்தே பார்க்காத கடிதத்தை எடுத்தேன். மூன்றே வரி. ஆறாம் திகதி காலை ஒன்பது மணிக்கு அடையாள அட்டையுடன் நிலையத்துக்கு வந்து பதிந்துகொள்ள வேண்டும் என்று மரியாதையாகவே எழுதியிருந்தது. போயிருந்தால் கையெழுத்து வைத்துவிட்டுப் பத்து மணிக்குக் கடைக்குப் போயிருப்பார் என்று நினைக்கிறேன். உறுதியாகச் சொல்ல முடியாது; அந்த நாட்களில் போனவர்கள் எல்லாரும் திரும்பியதும் இல்லை. ஆனால் அன்று விளங்காத சொற்களையே உரக்கக் கூட்டி வாசித்திருந்தால் போதும். கேட்ட அண்ணனுக்கு விளங்கியிருக்கும். எனக்கு விளங்கவில்லை என்பது அவருக்குத் தெரிந்துவிடுமே என்றுதான் நான் வாசிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கடுகண்ணாவைக்குப் பஸ் ஏறினேன். அண்ணன் இப்போது அங்கே மரம் விற்கும் ஒரு மரக்காலையில் கணக்கப்பிள்ளைக்குப் பலகை எண்ணிச் சொல்லும் உதவியாள். யுத்தம் இன்னும் முடியவில்லை; வழியில் இரண்டு இடத்தில் இறக்கி அட்டை பார்த்தார்கள்.

"என்னா தங்கச்சி, சொல்லாமக் கொள்ளாம? கல்யாணப் பேச்சா?" என்று மரத்தூளைத் தட்டிக்கொண்டு வந்தார்.

"ஒக்காருங்கண்ணே. ஒரு கடிதம் வாசிக்கணும்."

"எங்கிட்டயா? நல்ல ஆளப் பாத்தே" என்று சிரித்தபடி பலகைக் குவியலில் உட்கார்ந்தார்.

மடிப்பைப் பிரித்தேன். தமிழில் ஒரு சொல்லும் சொல்லாமல், எழுதியிருந்தபடியே சிங்களத்தில், முதல் வரியை உரக்க வாசித்தேன்.