பியானோவுக்குப் பல் பிடித்துப் பார்த்த பெரியப்பா

எங்கள் வீட்டில் எதை வாங்குவதாக இருந்தாலும் பெரியப்பாவைக் கூட்டிக்கொண்டுதான் போவார்கள். தண்ணீர் மோட்டாரோ, பீரோவோ, கிறிஸ்துமஸ் துணியோ, அவர் வந்து ஒரு பார்வை பார்த்தால்தான் அப்பாவுக்குத் திருப்தி. அப்பாவுக்கு அலுவலக வேலை. எதிரே நிற்பவர் சொல்வதை அப்படியே நம்பி எழுதிக்கொள்ளும் வேலை. பெரியப்பா கரும்பு போட்டு, மாடு வளர்த்து, சந்தை சந்தையாகச் சுற்றியவர். அவரை ஏமாற்ற இனிமேல்தான் ஒருவன் பிறந்து வரவேண்டும் என்று ஊரே சொல்லும். ஊர் மறந்துவிட்டால் அவரே ஞாபகப்படுத்துவார். ஆகவே எனக்குப் பியானோ டீச்சர் பார்க்கப் போனபோதும் பெரியப்பா வந்தார்.

அப்போது எனக்கு ஏழு வயது. எலவனாசூர்கோட்டைக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். சர்ச்சில் கீபோர்டு வாசித்துக்கொண்டிருந்த வெளியூர் அண்ணன் ஒருவருக்கு ஓசூரில் வேலை கிடைத்துவிட, கீபோர்டு ஒரு மூலையில் துணி போர்த்திக்கொண்டு தூங்கியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து பெரியவர்கள் பேசிக்கொண்டிருந்த நேரம், நான் துணியை விலக்கி, சுவிட்சைப் போட்டு, அன்று பாடிய பாட்டின் முதல் வரியைத் தடவித் தடவிக் கண்டுபிடித்துவிட்டேன். அவ்வளவுதான். சர்ச் கமிட்டியில் இருந்த பெரியப்பா, "இனிமே வெளியாளு இன்னாத்துக்கு? நம்ம வூட்டுப் பொண்ணே வாசிக்கும்" என்று அங்கேயே அறிவித்துவிட்டார்.

கற்றுக்கொடுக்க ஓர் ஆள் வேண்டும் என்பதை அம்மாதான் நினைவூட்டினாள். விசாரித்ததில் இரண்டு பேர் தேறினார்கள். ஒருவர் உளுந்தூர்பேட்டையில், இன்னொருவர் கள்ளக்குறிச்சியில். எங்கள் ஊர் இரண்டுக்கும் நடுவில். ஒரு சனிக்கிழமை இரண்டு இடத்தையும் பார்த்துவிடுவது என்று அப்பா, பெரியப்பா, நான் மூவரும் கிளம்பினோம்.

உளுந்தூர்பேட்டை டீச்சரின் வீடு மெயின் ரோட்டில், ஒரு டயர் கடைக்கு மேல் மாடி. டீச்சர் அம்மாவைவிடச் சின்னவர். அறையில் பாதியை ஒரு நிஜப் பியானோ அடைத்துக்கொண்டிருந்தது. எங்கோ ஒரு பழைய பங்களாவைக் காலி செய்தபோது ஏலத்தில் எடுத்தார்களாம். படி வழியாக ஏற்ற முடியாமல் ஜன்னல் பக்கத்துச் சுவரை இடித்து உள்ளே இழுத்தார்களாம். அதுவரை நான் பார்த்ததெல்லாம் பிளாஸ்டிக் கீபோர்டுதான்.

டீச்சர் என்னை ஸ்டூலில் தூக்கி உட்காரவைத்தார். சரிகமவும் சொல்லவில்லை, வேறெதுவும் சொல்லவில்லை. கீழே ஒரு லாரி காது கிழிய ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

"பாப்பா, அந்த ஹாரன் இதுல எங்க கீது, தேடு பாக்கலாம்" என்றார்.

தேடினேன். அது இல்லை, இன்னும் கொஞ்சம் மேலே, ஐயோ போய்விட்டது, திரும்பக் கீழே, ஆ, அகப்பட்டது! அதற்குள் அடுத்த லாரி. அது இரட்டைக் குரலில் கத்தியது, அதையும் பிடித்தோம். பிறகு ஒரு ஆம்னி பஸ், ஹாரனிலேயே பாட்டுப் பாடிக்கொண்டு வந்தது. டீச்சர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் என்று அதைத் துரத்தினோம். உளுந்தூர்பேட்டையில் வண்டிக்கா பஞ்சம்? சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்தது. படித்தால் இவரிடம்தான் என்று அந்த நிமிஷமே முடிவு செய்துவிட்டேன். ஒரு பிள்ளைக்குத்தான் இடம் இருக்கிறது, வேறு ஒரு வீட்டிலும் கேட்டிருக்கிறார்கள், திங்கட்கிழமைக்குள் சொல்லுங்கள் என்றார் டீச்சர்.

அப்போது பெரியப்பா எழுந்தார். பியானோவை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று பார்த்தார். அதன் காலைத் தட்டினார். குனிந்து, வரிசையாக இருந்த கட்டைகளை உற்றுப் பார்த்தார்.

"பல்லு மஞ்சளா கீதே" என்றார்.

அதற்குப் பிறகு எதையும் விட்டுவைக்கவில்லை. "பொட்டிக்கு வயசாயிடுச்சி. ரோட்டு சத்தம் வேற ஜாஸ்தி. படி செங்குத்தா கீது, கொழந்த எப்பிடி ஏறும்? உம்... பாக்கலாம்."

டீச்சர் கோபப்படவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினார். அந்தச் செங்குத்தான படியில் யார் கையையும் பிடிக்காமல் தடதடவென்று இறங்கிக் காட்டினேன். யாரும் கவனிக்கவில்லை.

கள்ளக்குறிச்சி மாஸ்டரின் இடம் ஏசி போட்ட அறை. சுவர் முழுக்கச் சான்றிதழ்கள், அலமாரி முழுக்கக் கோப்பைகள். பிள்ளைகள் காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு வரிசையாக உட்கார்ந்து, ஒரு சத்தமும் வெளியே வராமல் வாசித்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு மீன் தொட்டி ஞாபகம் வந்தது. மாஸ்டர் நல்ல மனிதர். எந்த வயதில் எந்தப் பரீட்சை எழுதலாம் என்று பொறுமையாக விளக்கினார். பெரியப்பாவின் முகம் மலர்ந்துவிட்டது.

"அடடா, அருமையா கீதுங்க! இந்த மாதிரி எடம் மெட்ராஸ்ல கூட கெடைக்காது. இதுக்கெல்லாம் குடுத்து வெச்சிருக்கணும்!"

ஏசியைப் புகழ்ந்தார், நாற்காலியைப் புகழ்ந்தார், மாஸ்டர் போட்டிருந்த மூக்குக் கண்ணாடியைக்கூடப் புகழ்ந்தார். பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு செருப்பு மாட்ட வெளியே போனார். தன் அண்ணனுக்கே இவ்வளவு பிடித்துவிட்டதே என்ற பூரிப்பில் அப்பா, "செவ்வாக்கெழமையே சேத்துடறோம் சார்" என்று மாஸ்டரின் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டார்.

திரும்பும் பஸ்ஸில் நான் ஜன்னலோரம் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தேன். அப்பா விஷயத்தைச் சொன்னதும் பெரியப்பா சீட்டைவிட்டு எழுந்தேவிட்டார்.

"இன்னாது, சேத்துட்டியா? எவன் சொன்னது?"

"நீங்கதானங்கண்ணா அருமையா கீதுன்னு சொன்னீங்க."

"அருமையா கீதுன்னா வேணாம்னு அர்த்தம்டா! வாங்கப்போற மாட்ட எவனாச்சும் மாட்டுக்காரன் எதுர்ல நல்லா கீதுன்னு சொல்லுவானா? புடிக்காத மாட்டத்தான் ரெண்டு வார்த்த நல்லதா சொல்லிட்டு நவுந்துக்கினு வருவான். காலேஜ் படிச்சவன், இதுகூடவா தெரில?"

"அப்ப அந்த டீச்சரு?"

"மஞ்சப் பல்லுன்னு இன்னாத்துக்குடா சொன்னேன்? புடிச்சிப் போயிதான்!"

பஸ்ஸே சிரித்தது. டீச்சர் பேச்சில் மாடு எப்படி வந்தது என்று எனக்கு விளங்கவில்லை. ஆனால் உளுந்தூர்பேட்டை இன்னும் கைவிட்டுப் போகவில்லை என்பது மட்டும் தெரிந்தது. மூக்குறிஞ்சுவதை நிறுத்தினேன்.

மாஸ்டரிடம் அப்பா போனில் மன்னிப்புக் கேட்டார். அவர் பெரிய மனதுடன் பரவாயில்லை என்றுவிட்டார். திங்கட்கிழமை சாயங்காலம் மூவரும் மறுபடியும் டயர் கடை மாடி ஏறினோம். அந்த ஓர் இடத்தை இந்நேரம் வேறு வீட்டுக்குக் கொடுத்திருப்பாரோ என்று எனக்கு வழியெல்லாம் பதைபதைப்பு. அதைவிடப் பெரிய கஷ்டம் பெரியப்பாவுக்கு. குறை சொன்ன வாயால் நிறை சொல்லியாக வேண்டும். வாங்க நினைத்த ஒன்றை ஆயுசில் ஒருநாளும் புகழ்ந்தறியாத மனிதர் அவர்.

கதவைத் திறந்த டீச்சர், "பல்லு மஞ்சளா கீதுன்னு சொன்னீங்களேங்க ஐயா?" என்றார்.

பெரியப்பா கனைத்தார். பியானோவைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார். "பொட்டி..." என்று ஆரம்பித்து நின்றுவிட்டார். அப்பா முதுகில் லேசாகத் தட்டினார். "பொட்டி... அப்பிடியொண்ணும் மோசமில்ல" என்றார் பெரியப்பா. அதற்கே அவருக்கு நெற்றி வேர்த்துவிட்டது.

டீச்சர் என்னைப் பக்கத்தில் இழுத்தார். கையைத் திருப்பிப் பார்த்தார். விரல்களை ஒவ்வொன்றாக நீட்டிவிட்டார். மோவாயைப் பிடித்து முகத்தை வெளிச்சத்தில் காட்டினார்.

"விரலு குட்ட" என்றார். "ஒரு நிமிசம் அடங்கி ஒக்கார மாட்டேங்குது. சிரிப்பும் ஜாஸ்தி. இத வெச்சிக்கினு நான் இன்னா பண்றது? உம்... பாக்கலாம்."

பெரியப்பா ஒரு கணம் திகைத்து அவரைப் பார்த்தார். அடுத்த கணம், "ஆங், அப்பிடிச் சொல்லுங்க!" என்று தொடையில் தட்டிக்கொண்டு சிரித்த சிரிப்பு கீழே டயர் கடைவரை கேட்டிருக்கும். இந்த முறை அப்பாவும் கூடச் சிரித்தார். டீச்சர் நைனார்பாளையத்தில் ஒரு மாட்டுத் தரகர் வீட்டில் பிறந்து வளர்ந்தவர் என்று எனக்குப் பல வருஷம் கழித்துத்தான் தெரியவந்தது.

அன்றைக்கு நான் ஓவென்று அழுதுவிட்டேன். இவ்வளவு ஆசைப்பட்டு வந்த என்னை வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களே! ரோட்டுக்கு வந்ததும் பெரியப்பா எனக்கு ரோஸ் மில்க் வாங்கிக் கொடுத்து, தலையைத் தடவி, "அந்தம்மாவுக்கு உன்ன அப்பிடிப் புடிச்சிப் போச்சி" என்றார். குட்டை விரல்களால் தம்ளரைக் கெட்டியாகப் பிடித்து, விக்கி விக்கி அழுதுகொண்டே குடித்தேன். பெரியவர்கள் எவ்வளவு கூசாமல் பொய் சொல்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.